பைப் சாரின் கெட்டில்

அந்த ஆராய்ச்சி நிலையத்தின் நூலகம் இரண்டாம் தளத்தில் இருந்தது. படியேறி உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது அவளுடைய மேசைதான். மேசையின்மேல் ‘தகவல் உதவி’ என்று எழுதிய பலகை. பலகைக்குப் பின்னால் முதுகு சாயாமல் அமர்ந்திருக்கும் அவள். இன்றைக்கு எதையும் விரல் நுனியில் தேடிக்கொள்கிறோம். அந்த வசதி வருவதற்குச் சற்று முந்தைய காலம் அது. ஓர் உலோகம் எந்த வெப்பத்தில் இளகும், ஒரு குழாய் எத்தனை காலம் துருவைத் தாங்கும் என்று ஒரு பொறியாளருக்குத் தெரியவேண்டுமானால், எங்கோ ஒருவர் செய்து பார்த்து எழுதிய கட்டுரையை ஆய்விதழ்த் தொகுதிகளுக்குள் புகுந்து எடுக்கவேண்டும். அப்படி எடுத்துத் தருவது அவளுடைய வேலை.

அந்த வேலையை அவள் எவ்வாறு செய்தாள் என்பதைச் சொல்லிவிட்டால் அவளைப் பற்றிப் பாதி சொன்னதாகும். புதிய இதழ் வந்தவுடன் அதை அடுக்குக்கு அனுப்பமாட்டாள். பொருளடக்கத்தை வரிவரியாகப் படித்து, எந்தக் கட்டுரை எந்த விஞ்ஞானிக்கு உதவும் என்று யோசித்து, அவரவர் பெயருக்கு ஒரு சிறிய சீட்டு எழுதி, கீழே உள்ள தபால் பெட்டிகளில் போட்டு வைப்பாள். தொகுதி, பக்கம், ‘தங்களுக்குப் பயன்படலாம்’ என்று ஒரு வரி. ஒரு விஞ்ஞானி இரும்பை விட்டுவிட்டு ரப்பரில் ஆராய்ச்சி செய்யப்போகிறார் என்றால், அது அவருடைய மனைவிக்கு முன்பே நூலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று நிலையத்தில் கேலி பேசுவார்கள்.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. பழைய கட்டுரை ஒன்றில் பிழை நேர்ந்துவிட்டதென்று அதை எழுதியவரே பின்னொரு நாள் அறிவித்தால், அந்த அறிவிப்பைப் பிரதியெடுத்து, பழைய கட்டுரையின் முதற்பக்கத்து ஓரத்தில் மெல்லிதாகப் பசை தடவி ஒட்டிவிடுவாள். அந்தத் தொகுதியைத் திறக்கிறவர் பிழையைப் படிப்பதற்கு முன் திருத்தத்தைப் படித்தாகவேண்டும். எல்லா நூலகங்களிலும் இப்படிச் செய்வதில்லை. ‘என் அடுக்கில் பொய் இருக்காது’ என்று அவள் சொல்லிக்கொள்வது இந்தத் தைரியத்தில்தான்.

கேட்டவருக்கு வெறும் விடையை அவள் ஒருநாளும் தந்ததில்லை. விடை, அது வந்த இடம், அதை மறுத்து எழுதியவர் யார் என்ற விவரம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் வரும். அதனால் அவளுக்கு ‘அடிக்குறிப்பு மேடம்’ என்று பெயர் விழுந்தது. அது அவள் காதுக்கும் வந்தது. பாராட்டென்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

முதல் தளத்தில், ஆய்வுக்கூடங்களுக்கு நடுவே, பைப் சாரின் அறை இருந்தது. துருப்பிடித்த குழாய்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்ப்பதிலேயே தலை நரைத்தவர் அவர். அறையில் இரண்டு ஸ்டூல்கள், ஒரு கெட்டில், ஒன்றோடொன்று பொருந்தாத கோப்பைகள், சுவரை மறைத்து அடுக்கிய கோப்புகள். கதவு எப்போதும் திறந்திருக்கும். போகிற போக்கில் யாராவது தலையை நீட்டுவார்கள்.

“சார், சூடான எண்ணெய் போற குழாய் மூட்டுக்கு எந்த ரப்பர் வளையம் போடலாம்?”

“எவ்வளவு சூடு?”

“கை வைக்க முடியாது.”

“யாரு உன்னைக் கை வைக்கச் சொன்னா? கறுப்பு வேணாம், சீக்கிரம் கெட்டிப்பட்டுப் பொடிஞ்சிடும். பழுப்புல ஒண்ணு வருது, அதைப் போடு. டீ குடிக்கிறியா?”

அவ்வளவில் முடிந்துவிடும். அதே கேள்வியோடு படியேறி வந்திருந்தால், மாலைக்குள் மூன்று கட்டுரைகள் கிடைத்திருக்கும். அவற்றுள் ஒன்று, ‘இதன் முடிவுகள் ஐயத்துக்குரியவை’ என்ற குறிப்போடு வந்திருக்கும். யார் படியேறுவார்கள்?

இது அவளுக்குப் புரியாமல் இல்லை. நெஞ்சைக் குடைந்தது வேறொன்று. பழுப்பு வளையத்தைப் பற்றிய கட்டுரையைப் பைப் சாருக்குச் சீட்டெழுதித் தெரிவித்தவளே அவள்தான். சீட்டு போனால் அன்றைக்கே வந்து படித்துவிட்டு, மூலையில் தொகுதியும் பக்கமும் அவள் குறித்துத் தரும் பிரதியோடு போகும் ஒரே மனிதர் அவர். அவள் தேடியது அவர் வாய்வழியாக ஊருக்குப் போயிற்று. நன்றி மட்டும் அவருடைய கெட்டிலோடு நின்றுவிட்டது.

இந்த நிலையில் கட்டடத்தில் இடநெருக்கடி வந்தது. தகவல் உதவி மேசை இனித் தேவையா என்று ஆராய இயக்குநர் ஒரு குழுவை அமைத்தார். தேவையில்லை என்றால் நூலகத்தின் முன்பகுதி சோதனைப் பிரிவுக்குப் போகும். அவள் கிடங்குப் பிரிவுக்குப் போய், திருகாணிகளையும் கையுறைகளையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கவேண்டும். குழுவினர் ஒவ்வொரு பிரிவாகச் சென்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கடைசியாக உங்களுக்கு ஒரு தகவல் தேவைப்பட்டபோது என்ன செய்தீர்கள்?

விடைகளைத் தட்டச்சு செய்தவள் இயக்குநரின் செயலாளர். மதிய உணவில் இவளுக்குத் துணை. டப்பாவைத் திறக்கும்போதே ஆரம்பித்தாள்.

“எல்லாரும் பேசி வெச்ச மாதிரி ஒரே பதில்தான்டி.”

“என்ன?”

“பைப் சாரைக் கேட்டேன். அவ்வளவுதான்.”

“நூலகம்னு ஒருத்தர்கூடவா சொல்லலை?”

“ஏன், ஒருத்தர் சொன்னாரே. அங்க ஃபேன் நல்லா ஓடுதாம்.”

அன்று அவள் டப்பாவை அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் கணவரும் அவருடைய தங்கையும் இருந்தார்கள். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நாத்தனார் அடுத்த தெருவில் அழகு நிலையம் வைத்திருந்தாள். ஒருவர் முகத்தைப் பார்த்தே உள்ளதைச் சொல்லிவிடுவது அவளுடைய தொழிலில் சேர்ந்தது.

“என்ன அண்ணி, முகம் இப்படிக் கன்றிப் போயிருக்கு? வெயிலா, ஆளா?”

“ஆளுதான். அந்தப் பைப் சார்.”

“அந்த டீ மனுஷனா? அவர் உங்களை என்ன பண்ணினார்?”

“ஒண்ணும் பண்ணலை. அதுதான் பிரச்சனை. உக்காந்த இடத்துல உக்காந்திருக்கார், எல்லாரும் அவர்கிட்டயே போறாங்க.”

கணவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி சிரித்தார்.

“இங்க பாரும்மா. என் வண்டி நெத்தியில எங்க போகுதுன்னு பெருசா போர்டு இருக்கு. ராத்திரியானா லைட்டு வேற போட்டுக் காட்டுறோம். ஆனாலும் ஏறுறவன் ஒவ்வொருத்தனும், ‘அண்ணே, இது போகுமா’ன்னு என்னைத்தான் கேட்கிறான். அதுக்காக அந்தப் போர்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குதா?”

“நான் போர்டு இல்லைங்க.”

அவள் சொன்ன விதத்தில் அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். நாத்தனார் விடவில்லை.

“அண்ணி, உங்க வயித்தெரிச்சல் மேல அந்த கெட்டிலைத் தூக்கி வெச்சா, அவருக்குக் கரண்ட் செலவே மிச்சமாகும்.”

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் முகத்தைக் கழுவினாள்.

மறுவாரத் தொடக்கத்தில் ஓர் இதழ் வந்தது. அதன் கடைசிப் பக்கங்களில், வழக்கம்போல் சின்னஞ்சிறு எழுத்தில், ஒரு திருத்த அறிவிப்பு இருந்தது. படித்தவுடன் அவளுக்கு அந்தக் கட்டுரை நினைவுக்கு வந்துவிட்டது. உப்புநீரைச் சூடாக்கும்போது இரண்டு புதிய எஃகுகளுள் எது தாங்கும் என்று ஆராய்ந்த கட்டுரை. பைப் சாருக்கு வேதம்போன்றது. அதன் முக்கியமான அட்டவணையில் இரண்டு எஃகுகளின் பெயர்களும் இடம் மாறி அச்சாகிவிட்டன என்று ஆசிரியர் இப்போது வருந்தியிருந்தார். அதாவது, தாங்கும் என்று இத்தனை நாளும் எல்லாரும் நம்பிய முதல் எஃகு தாங்காது. உள்ளுக்குள் ஊசிக்குழிகள் விழுந்து, வெளியே தெரியாமலே அரித்துப்போய், ஒருநாள் கொதிநீரோடு பிளக்கும். தாங்குவது இரண்டாவது. இரண்டும் புதியவை. யாரும் பயன்படுத்திப் பழகியவை அல்ல. அதனால் பிழை எவர் கண்ணுக்கும் தட்டுப்படவில்லை.

அவள் அறிவிப்பைப் பிரதியெடுத்தாள். பழைய தொகுதியை எடுத்துவந்து முதற்பக்கத்து ஓரத்தில் கோணாமல் ஒட்டினாள். பிறகு ஒரு சீட்டை எடுத்துப் பைப் சாரின் பெயரை எழுதினாள். அதற்குமேல் பேனா நகரவில்லை.

வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. அவரையும் அழைத்திருக்கிறார்கள்; அவளையும் அழைத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர், ‘பைப் சார் இருக்கும்போது நூலக மேசை எதற்கு’ என்று கேட்காமல் இருக்கமாட்டார். அப்போது தொகுதியை எடுத்து மேசைமேல் வைத்து, ‘தயவுசெய்து இந்த ஓரத்தைப் படியுங்கள்’ என்று சொன்னால் எப்படியிருக்கும்? அந்தக் காட்சியை அவள் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. மறுபடியும் நினைத்தாள். ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டியாகிவிட்டது. சீட்டு அனுப்புவது விதியில் இல்லை, அவளாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம்தான். வேண்டியவர் படியேறி வந்து பார்க்கட்டும். இவ்வாறு தனக்குத் தானே நியாயம் சொல்லி, பெயர் மட்டும் எழுதிய சீட்டை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

அந்தச் சில நாள்களும் அவள் கலகலப்பாக இருந்தாள். படிக்கட்டில் பைப் சாரைக் கண்டபோது அவளே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னாள். நாத்தனார்கூட, “என்ன அண்ணி, நம்ம கடைக்கு வராமலே முகம் பளபளன்னு இருக்கு?” என்று கேட்டாள்.

வியாழக்கிழமை முற்பகல், வெப்பப் பிரிவில் வேலை பார்க்கும் இளம் பொறியாளப் பெண் நூலகத்துக்கு வந்தாள். கையில் கோப்பும் பேனாவும் இருந்தன.

“மேடம், கொஞ்ச நேரம் இங்க உக்காந்து எழுதிக்கட்டுமா? கீழ டிரில் போடுறாங்க, காது கிழியுது.”

“தாராளமா உக்காருங்க. ஏதாவது தேடித் தரணுமா?”

“வேணாம் மேடம். எல்லாம் பைப் சார்கிட்ட கேட்டாச்சு.”

இந்த வாக்கியத்துக்கு அவள் இன்னும் பழகியிருக்கவில்லை. இருந்தும் முகம் மாறாமல் கேட்டாள்.

“என்ன எழுதுறீங்க?”

“உப்புத்தண்ணி சூடாக்குற கலன் ஒண்ணு கட்டுறோமில்லையா, அதுக்குக் குழாய் ஆர்டர். இன்னிக்குப் போயிடணும். எங்க ரூம்லயேதான் வைக்கப்போறாங்க, என் மேசைக்கு ஒட்டின மாதிரி. எனக்குச் சந்தோஷம்தான், அந்த ரூம்ல குளிர் தாங்காது.”

சொல்லிக்கொண்டே அந்தப் பெண் கோப்பைத் திறந்து ஒரு பிரதியை மேலே எடுத்து வைத்தாள். பலமுறை பிரதியின் பிரதியாக எடுத்து மங்கிப்போன தாள். முதல் எஃகின் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். வலது மூலையில், தொகுதியும் பக்கமும் குறித்த சிறு எழுத்துகள். சாய்வில்லாத, ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் விழுந்த எழுத்துகள். அவளுடைய கையெழுத்து.

அவள் எழுந்து நின்றாள்.

“இது உங்ககிட்ட எப்படி வந்தது?”

“பைப் சார் கொடுத்தார். கேட்கிறவங்களுக்கெல்லாம் கொடுப்பாரே. வால்வு பிரிவுல ஒண்ணு இருக்கு. போன மாசம் வெளியில இருந்து ஒரு ஃபாக்டரிக்காரர் வந்தாரில்லையா, அவரும் ஒண்ணு வாங்கிட்டுப் போனார்.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் திருத்தியது அடுக்கில் இருந்த ஒரு பக்கத்தை மட்டுமே. அந்தப் பக்கத்திலிருந்து பிரதியாகி இறங்கிப்போனவை, அவளுடைய கையெழுத்தைச் சான்றாகச் சுமந்துகொண்டு, ஒட்டுச்சீட்டு எதுவும் இல்லாமல் கட்டடமெங்கும் நடமாடிக்கொண்டிருந்தன. கையில் பிரதி இருக்கிறவர் எதற்காகத் தொகுதியைத் திறக்கப்போகிறார்? பசை தடவிய இத்தனை ஆண்டுகளில் இது ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

“அந்த ஆர்டரை எழுதாதீங்க,” என்றாள்.

தொகுதியைக் கொண்டுவந்து ஓரத்தைக் காட்டினாள். அந்தப் பெண் இரண்டுமுறை படித்தாள். பிறகு தன்னுடைய தாளில் இருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள்.

“ஐயோ. அப்ப பைப் சாருக்கே தெரியாதா மேடம்?”

“தெரியாது.”

இந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் அவள் திங்கட்கிழமையிலிருந்து காத்திருந்தாள். சொன்னபோது வாய் கசந்தது.

தொகுதியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கீழே இறங்கினாள். பைப் சாரின் அறையில் அன்றுவரை அவள் கால் வைத்ததில்லை. கேள்வி கேட்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அது ஆடியது.

“அடடே, மேடமா! மழை கொட்டப்போகுது. டீ போடட்டுமா?”

“வேணாம் சார். இதைப் படிங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். படித்து முடித்த பிறகும் தலை நிமிரவில்லை.

“இது எப்ப வந்தது?”

“திங்கட்கிழமை.”

“என் பெட்டியை நான் தினம் பார்க்கிறேன். சீட்டு வரலையே.”

“நான் போடலை.”

“மறந்துட்டீங்களா?”

‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். அதற்கான இடத்தை அவரே விட்டுக்கொடுத்தார். ஆனால் சீட்டை மறப்பவள் என்ற பெயரை அவளால் தாங்கமுடியாது.

“நான் எதையும் மறக்கிறதில்லை சார். எரிச்சல். எல்லாரும் உங்ககிட்டயே வர்றாங்கன்னு எரிச்சல். நாளைக்குக் குழு முன்னாடி காட்டலாம்னு வெச்சிருந்தேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“அந்த வெப்பப் பிரிவுப் பொண்ணு குழாய் ஆர்டரை அனுப்பிட்டாளா?”

“அனுப்பலை. நிறுத்திட்டேன்.”

“அனுப்பியிருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க? குழுவுக்கு நல்லாக் காட்டியிருப்பீங்க, இல்லையா?” அவருடைய குரல் உயர்ந்தது. தாழ்வாரத்தில் யாரோ நடையை நிறுத்தினார்கள். “என் மேல கோபம்னா என்னைத் திட்டியிருக்கணும். கெட்டிலைத் தூக்கி வெளியில வீசியிருக்கணும். நான் என்ன, ராத்திரி பகலா உக்காந்து படிச்சா இவ்வளவும் சொல்றேன்? நீங்க போடுற சீட்டை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டுப் போறேன். சீட்டு வரலைன்னா விஷயமே இல்லைன்னுதானே நினைப்பேன்?”

 திட்டு நியாயமானது என்று தெரிந்தும், அதை அவரிடமிருந்து வாங்கவேண்டியிருக்கிறதே என்பது அவளை உறுத்தியது. மேசையில் கிடந்த வெற்றுத்தாளை இழுத்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

“இந்தப் பிரதி யார் யாருகிட்ட போயிருக்கு? எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.”

அவர் கண்களை மூடிக்கொண்டார். கோபம் தணியாமலே சொல்லத் தொடங்கினார். வால்வுப் பிரிவின் உயரமானவர், டீயில் சர்க்கரை வேண்டாம் என்றவர். அவருக்கு அடுத்த அறைக்காரர், வாங்கிப் போனாரே தவிர படித்திருக்கமாட்டார். ஃபாக்டரிக்காரர். பணி மாறுதலாகிப் போன ஒருவர், அவருடைய ஊர், அவருடைய மைத்துனரின் தொலைபேசி. யார் எந்த ஸ்டூலில் உட்கார்ந்து என்ன கேட்டார் என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. அவள் எழுதிக்கொண்டே போனாள். தொகுதியையும் பக்கத்தையும் நினைவில் வைத்திருப்பவள் அவள். மனிதர்களை இப்படி நினைவில் வைத்திருக்க அவளுக்கு வராது. ‘இதுவும் அவரிடமே இருக்கிறதா?’ என்று பேனா ஓடும்போதே ஒரு முள் தைத்தது.

மாலைவரை இருவரும் அறை அறையாக நடந்தார்கள். அவர் விஷயத்தைச் சொல்வார். அவள் பிரதியை வாங்கி, முதற்பக்கத்தில் திருத்தத்தை ஒட்டித் திருப்பிக் கொடுப்பாள். ஒவ்வோர் அறையிலும், “நல்லவேளை சார், வந்து சொன்னீங்க,” என்றார்கள். பசைப்புட்டியோடு பக்கத்தில் நின்றவளை ஒருவரும் பார்க்கவில்லை. ஃபாக்டரிக்காரர் தொலைபேசியில் நீண்ட பெருமூச்சு விட்டார். குழாய் வந்து இறங்கிவிட்டதாம், ஆனால் பொருத்தவில்லையாம். அவரும் பைப் சாருக்குத்தான் நன்றி சொன்னார்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. செய்தி அதற்குள் இயக்குநருக்கு எட்டியிருந்தது.

“இவ்வளவு முக்கியமான திருத்தம் திங்கட்கிழமையே வந்திருக்கு. வியாழக்கிழமைவரைக்கும் ஏன் யாருக்கும் தெரியலை?” என்று கேட்டார்.

பைப் சார் முந்திக்கொண்டார்.

“தப்பு என்னோடது சார். மேடம் சீட்டு போட்டிருந்தாங்க. நான்தான் பெட்டியைச் சரியாப் பார்க்கலை.”

நேற்று அவ்வளவு திட்டியவர் இன்று சாதாரணமாகச் சொன்னார். குழுவில் இருந்தவர்கள் பரிவோடு தலையசைத்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குள் பழைய நெருப்பு பற்றிக்கொண்டது. விடையும் அவருடையது, நன்றியும் அவருடையது. இப்போது இந்தப் பெருந்தன்மையையும் அவரே வைத்துக்கொள்ளவேண்டுமா? விட்டால், வாழ்நாளெல்லாம் இதற்காக அவருக்கு முதலில் வணக்கம் சொல்லவேண்டியிருக்கும்.

“இல்லை சார்,” என்று எழுந்தாள். “நான் சீட்டு போடவே இல்லை. வேணும்னே போடலை. அவர் பெட்டியைத் தினமும் பார்க்கிறவர்.”

ஏன் என்று கேட்டார்கள். ஒளிக்காமல் சொன்னாள். ஒரு விவரத்தையும் தவறவிடவில்லை. பிரதிகள் திருத்தத்துக்குத் தப்பித்து வெளியே உலவும் முறையையும், அவற்றை மீட்க இரண்டு பேரும் தேவைப்பட்டதையும் வரிசையாக விளக்கினாள். பைப் சார் தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்து மூலமாக ஒரு கண்டனம் வந்தது. அதை அவள் ஏற்றுக்கொண்டாள். நூலகத்தின் முன்பகுதி சோதனைப் பிரிவுக்குப் போயிற்று. ஆனால் கிடங்குக்கு அவளை அனுப்பவில்லை. தகவல் உதவி மேசையை, பலகையோடும் பசைப்புட்டியோடும், முதல் தளத்துக்கு இறக்கினார்கள். இனிப் பிரதி எதுவானாலும் அவள் மேசை வழியாகவே போகவேண்டும்; யார் வாங்கினார் என்று அங்கே குறித்துவைக்கவேண்டும் என்றும் உத்தரவு வந்தது. மேசை போடக் கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான்: தாழ்வாரத்தில், பைப் சாரின் திறந்த கதவுக்கு நேர் எதிரே.

முதல் நாள் காலை ஒருவர் தாழ்வாரத்தில் வந்தார். மேசையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு கதவுக்குள் போனார். உள்ளே ஏதோ பேச்சு நடந்தது, கோப்பை ஒலித்தது, சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பைப் சாரின் குரல் வந்தது.

“மேடம், பித்தளையில வெடிப்பு விழுறதைப் பத்திப் புதுசா ஏதாவது வந்திருக்கா?”

கட்டுரை அவளுடைய கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. இருந்தாலும் கொஞ்சம் காக்கவைத்துவிட்டே எழுந்தாள்.

அன்று மாலை அவள் கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வீடு திரும்பினாள். நாத்தனார் பெட்டியைச் சுற்றிவந்து படத்தைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கணவர் பெட்டியைத் தூக்கி எடை பார்த்தார்.

“என்னம்மா இது, நம்ம டிப்போவுக்கே டீ போடலாம் போலிருக்கே. எவ்வளவு தண்ணி பிடிக்கும்?”

“அவரோடதைவிடக் கூட,” என்றாள் அவள்.